கழுத்துக் கட்டி “மெடுல்லரி” வகை என்று அறிக்கை வந்திருக்கிறது. பத்து நாளில் அறுவை சிகிச்சை. அதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

பொருநைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 43 வயது. திருநெல்வேலிக்கு அருகே அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கழுத்தின் வலப்பக்கத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தென்பட்டது. தைராய்டு இரத்தப் பரிசோதனையில் டி3, டி4, டி.எஸ்.எச். மூன்றும் சரியான அளவில் இருந்ததால், சாதாரணக் கழலைதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தச் சித்திரையில் அது எலுமிச்சங்காய் அளவுக்கு வந்த பிறகே வேறொரு மருத்துவமனைக்குப் போனோம்.

ஸ்கேனில் 3.1 செ.மீ. கட்டியும், அதே பக்கத்தில் சந்தேகத்துக்குரிய இரண்டு நெறிக்கட்டிகளும் தெரிந்தன. ஊசிப் பரிசோதனையில் “மெடுல்லரி கார்சினோமாவாக இருக்கலாம்” என்று எழுதியிருந்தார்கள். அதன் பிறகு எடுத்த இரத்தப் பரிசோதனையில் கால்சிடோனின் 640 பிகோகிராம், சி.இ.ஏ. என்ற புற்றுநோய்க் குறியீடு 22 நானோகிராம். அடுத்த பத்து நாளில் தைராய்டை முழுவதும் எடுத்துவிடலாம், பிறகு கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லித் தேதி குறித்திருக்கிறார்கள்.

எனக்கு மூன்று ஐயங்கள். தைராய்டு புற்றுநோய் எளிதில் குணமாகும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது இந்த வகைக்கும் பொருந்துமா? அயோடின் சிகிச்சை உண்மையிலேயே தேவையா? அக்காவுக்கு 14 வயதில் ஒரு மகளும் 8 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். இது அவர்களுக்கும் வரக்கூடிய நோயா?

இன்னொன்று. எங்கள் அம்மா இந்த அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கிறார். 1996இல் எங்கள் அப்பா குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போனவர், மேசையிலேயே இறந்துபோனார். அவருக்கு அப்போது 41 வயது. இரத்த அழுத்தம் கண்டபடி ஏறிவிட்டது, மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார்களாம். அக்காவுக்கும் ஓராண்டாக இரத்த அழுத்த மாத்திரை உண்டு. அவ்வப்போது படபடப்பும் வியர்வையும் தலைவலியும் வருகின்றன. மாதவிடாய் நிற்கும் வயது நெருங்குகிறது, அதனால்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று தெரியவில்லை.

நுண்ணோக்கி எழுதியது:

வணக்கம், தம்பி. நான் நோயியல் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அறிக்கைகளை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு சுரப்பி, ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருப்பது போன்றது. பெரும்பகுதியில் இருப்பவை அயோடினை உறிஞ்சித் தைராய்டு ஹார்மோனைச் செய்யும் செல்கள். ஊரில் நாம் கேள்விப்படும் தைராய்டு புற்றுநோய்களில் பெரும்பாலானவை, அதாவது பாப்பிலரி, ஃபாலிகுலர் ஆகியவை, இந்தச் செல்களில் தோன்றுபவை. இரண்டாவது குடித்தனத்துக்குச் சி செல்கள் என்று பெயர். இவை கருவில் வேறொரு பகுதியிலிருந்து புறப்பட்டு வந்து தைராய்டுக்குள் குடியேறியவை. எண்ணிக்கையில் மிகக் குறைவு. தைராய்டு ஹார்மோனைச் செய்யாமல் கால்சிடோனினைச் சுரப்பவை. மெடுல்லரி புற்றுநோய் இவற்றில் தோன்றுவது. மொத்தத் தைராய்டு புற்றுநோய்களில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் இந்த வகை.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே உங்கள் ஐயங்களில் பாதி தீர்ந்துவிடும். சி செல்கள் டி3, டி4 சுரப்பில் தலையிடுவதில்லை. ஆகவே நோய் இருக்கும்போதே டி.எஸ்.எச். சரியாக இருக்கும். டி.எஸ்.எச். சரியாக இருப்பதைக் காட்டிக் கட்டியை விட்டுவிடுவது, நிலைக்கதவு பூட்டியிருக்கிறது என்று கொல்லைப்புறத்தைப் பார்க்காமல் போவதைப் போன்றது. அடுத்து, சி செல்கள் அயோடினை எடுத்துக்கொள்வதில்லை. எனவே நோய் மெடுல்லரி மட்டுமே என்றால் கதிரியக்க அயோடினால் பயனில்லை. சிகிச்சையின் அச்சாணி அறுவைதான். அதை முதல் முறையே முழுமையாகச் செய்ய வேண்டும். முழுத் தைராய்டு, கழுத்தின் நடுப்பகுதி நெறிக்கட்டிகள், ஸ்கேனில் ஐயமுள்ள பக்கத்து நெறிக்கட்டிகள் ஆகியவற்றை ஒரே அமர்வில் எடுப்பார்கள். பிறகு நாள்தோறும் லெவோதைராக்சின் மாத்திரை உண்டு. பாப்பிலரி நோயாளிகளுக்குச் செய்வது போல டி.எஸ்.எச்.சை அடக்கி வைக்கும் அளவுக்கு அதைக் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை. ஹார்மோன் இழப்பை ஈடுசெய்தால் போதும்.

ஊசிப் பரிசோதனையைப் பற்றி என் துறைக்காரனாக ஒரு சொல். மெடுல்லரி செல்கள் கண்ணாடித் தகட்டில் பல வேடம் போடுபவை. சில நேரம் கதிர்போல நீண்டிருக்கும், சில நேரம் உருண்டையாக இருக்கும், சில நேரம் வேறு வகைக் கட்டி என்றே நம்மை ஏமாற்றும். வெறும் ஊசிப் பரிசோதனை ஏறத்தாழப் பாதி நோயாளிகளில்தான் இதைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் அக்காவின் தகட்டைப் பார்த்து ஐயப்பட்டவர் நல்ல கண் உடையவர். கால்சிடோனின் பெரும்பாலான ஆய்வகங்களில் பத்துக்குக் கீழ்தான் இருக்க வேண்டும். சிறுநீரகச் செயலிழப்பு, அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரைகள் போன்றவற்றாலும் அது சற்று ஏறலாம். ஆனால் ஐயத்துக்குரிய ஊசி அறிக்கையோடு 640 என்பது அப்படிப்பட்ட ஏற்றமன்று. ஐந்நூறைத் தாண்டினால் நுரையீரல், கல்லீரல், எலும்பு ஆகியவற்றையும் படமெடுத்துப் பார்த்த பிறகே அறுவைக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். உங்களுக்கு மார்பு, கல்லீரல் சி.டி. எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை.

எளிதில் குணமாகுமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் சொல்கிறேன். பாப்பிலரியைப் போல எளிதன்று. சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது எடுத்தால் முழுக்குணம் கிடைக்கும். நெறிக்கட்டிகளுக்குப் போன பிறகு கால்சிடோனின் முழுவதும் அடங்காமல் சிறு அளவில் தங்கிவிடுவது உண்டு. ஆனால் அப்படித் தங்கியவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் எந்தத் தொல்லையுமின்றி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி: ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நோயாளிகளில் இது பரம்பரையாக வருவது. ஆர்.இ.டி. என்ற மரபணுவில் பிறவியிலேயே உள்ள மாற்றம்தான் காரணம். குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லை என்று தோன்றினாலும், மெடுல்லரி உறுதியான ஒவ்வொருவருக்கும் இந்த மரபணுவை இரத்தத்தில் பார்த்தே ஆக வேண்டும்.

விழிப்பு எழுதியது:

நான் மயக்கவியல் மருத்துவர். மூத்தவர் எழுதிய எதிலும் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் கேள்வி கேட்ட நண்பர் தம் பதிவின் கடைசிப் பத்தியில், அம்மாவைச் சமாதானப்படுத்துவதற்காகப் போகிற போக்கில் எழுதியதுதான் இந்த இழையிலேயே அவசரமான செய்தி. உங்கள் அம்மாவைச் சமாதானப்படுத்தாதீர்கள். அவர் அஞ்சுவதில் பொருள் இருக்கிறது.

நீங்கள் எழுதியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். அக்காவுக்கு மெடுல்லரி புற்றுநோய் என்று வலுவான ஐயம். நாற்பதுகளின் தொடக்கத்திலேயே இரத்த அழுத்தம். அலையலையாக வரும் படபடப்பு, வியர்வை, தலைவலி. தந்தை 41 வயதில், சிறிய அறுவை ஒன்றின்போது, இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறந்திருக்கிறார். 1996இல் என்ன நடந்தது என்பதை இன்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று உறுதியாகும் வரை உங்கள் அக்காவை எந்த அறுவை அரங்கிலும் படுக்க வைக்கக்கூடாது.

ஃபியோகுரோமோசைட்டோமா என்பது சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் வரும் கட்டி. அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் தேக்கி வைத்து, நினைத்த நேரத்தில் இரத்தத்தில் கொட்டும். மயக்க மருந்து கொடுப்பது, தொண்டைக்குள் குழாய் விடுவது, வயிற்றை அழுத்துவது ஆகிய ஏதாவது ஒன்றே அதைத் தூண்டிவிடப் போதும். இரத்த அழுத்தம் சில நிமிடங்களில் 250ஐத் தாண்டும். இதயத்துடிப்பு தடம் புரளும். முன்கூட்டியே தெரிந்து ஆயத்தமாகச் சென்றால் இது நாங்கள் கையாளக்கூடியது. தெரியாமல் போனால் அரங்கில் இருக்கும் எல்லாரும் திகைத்து நிற்போம். பயிற்சிக் காலத்தில் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன். அந்த நோயாளி பிழைத்தார் என்பது எங்கள் திறமையைவிட அவருடைய நல்வாய்ப்பு.

மெடுல்லரி புற்றுநோயும் இந்தக் கட்டியும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை அமெரிக்க மருத்துவர் ஜான் சிப்பிள் 1961இல் கவனித்து எழுதினார். இறந்த ஒருவரின் உடலை ஆய்ந்தபோது இரண்டு அட்ரினல்களிலும் கட்டிகள், கூடவே தைராய்டில் புற்று. இன்று மென் 2ஏ என்று அழைக்கப்படும் பரம்பரை நோய்த்தொகுதியை நெடுங்காலம் சிப்பிள் நோய் என்றே சொல்லிவந்தார்கள். அதில், தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்து கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளும் பெருத்து, இரத்தத்தில் கால்சியம் கூடுவது மூன்றாவது அங்கம்.

ஆகவே நாளைக்கே செய்ய வேண்டியது, இரத்தத்தில் மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் பொருள்) அளவு பார்ப்பது, அல்லது 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பார்ப்பது. இரத்தம் என்றால், இருபது முப்பது நிமிடம் மல்லாந்து அமைதியாகப் படுத்திருந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி எடுத்தால் அளவு வீணாக ஏறித் தெரியும். அக்கா மனச்சோர்வுக்கோ மூக்கடைப்புக்கோ மாத்திரை எடுப்பவரானால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதே நாளில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்த்துவிடலாம். மெட்டாநெஃப்ரின் கூடியிருந்தால் வயிற்றுக்கு சி.டி.

கட்டி இருப்பது உறுதியானால் வரிசை மாறிவிடும்: முதலில் அட்ரினல், பிறகுதான் கழுத்து. அட்ரினல் அறுவைக்கும் உடனே போய்விட முடியாது. ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பிரசோசின், ஃபீனாக்சிபென்சமின் போன்ற ஆல்ஃபா தடுப்பு மருந்துகளைக் கொடுத்து, உப்பும் நீரும் தாராளமாகச் சேர்த்து, சுருங்கிக் கிடக்கும் இரத்தக் குழாய்களைத் தளர்த்த வேண்டும். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்தை அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். முந்திக் கொடுத்தால் இரத்த அழுத்தம் இன்னும் ஏறும். படபடப்பு என்று போய் நின்றால் முதலில் கையில் கிடைக்கும் மாத்திரை அதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தைராய்டு அறுவை சில வாரம் தள்ளிப்போவதால் மெடுல்லரி நோய் பெரிதாக முன்னேறிவிடாது. மருத்துவரிடம், “அப்பா அறுவை மேசையில் இறந்தார், மெட்டாநெஃப்ரின் பார்த்தீர்களா?” என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

நொய்யல் எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். நான் கோயம்புத்தூர்க்காரி, ஒன்பது ஆண்டுகளாக இந்த நோயோடு இருப்பவள். மருத்துவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். நான் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

என் ஊசிப் பரிசோதனையில் மெடுல்லரி என்று வரவில்லை. பாதித் தைராய்டை எடுத்த பிறகே பயாப்ஸியில் தெரிந்தது. ஆறு வாரம் கழித்து மறுபாதியையும் நெறிக்கட்டிகளையும் எடுக்க இரண்டாம் முறை கழுத்தைத் திறந்தார்கள். போதாததற்கு, அப்போது என்னைப் பார்த்த ஒரு மருத்துவமனையில் அயோடினும் கொடுத்தார்கள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, தனியறையில் கதவுக்கு வெளியே வைக்கும் சோற்றை எடுத்து உண்டுகொண்டு மூன்று நாள் கிடந்தேன். அது எனக்குத் தேவையே இல்லாத சிகிச்சை என்பது ஓராண்டு கழித்து வேறொரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் அக்காவுக்கு அயோடின் என்று எவராவது எழுதிக் கொடுத்தால், எதற்காக என்று கேட்காமல் நகராதீர்கள்.

கால்சிடோனின் பரிசோதனையில் ஒரு சூட்சுமம் உண்டு. இரத்தம் எடுத்த உடனே பனிக்கட்டியில் வைத்து, சீக்கிரம் பிரித்துக் குளிரில் அனுப்ப வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தால் அது சிதைந்து, அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். ஒரு முறை எனக்கு 3 என்று வந்தது. வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினோம். அடுத்த மாதம் வேறு இடத்தில் எடுத்தபோது 41. முதல் ஆய்வகத்தின் கிளையில் இரத்தத்தை மாலை வரை மேசைமேலேயே வைத்திருந்தது விசாரித்த பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் மட்டும் பார்க்கிறேன். இடம் மாற்றினால் எண்களை ஒப்பிட முடியாது.

ஆறு ஆண்டுகளாக என் எண் 35க்கும் 45க்கும் இடையிலேயே நடமாடுகிறது. எங்கோ சில செல்கள் இருக்கின்றன. எந்த ஸ்கேனிலும் அகப்படவில்லை. முதல் இரண்டு ஆண்டு ஒவ்வொரு முறையும் அறிக்கை வரும் வரை உறங்க மாட்டேன். எண் எவ்வளவு என்பதைவிட, அது இரட்டிப்பாக எவ்வளவு காலம் எடுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று என் மருத்துவர் விளக்கிய பிறகு மனம் சற்று அடங்கியது.

அறுவை முடிந்த மறுநாளே உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போலிருந்தால் செவிலியரிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள். பாராதைராய்டு அசைக்கப்பட்டதால் கால்சியம் குறைவதன் அடையாளம் அது. எனக்கு நான்கு மாதம் கால்சியம் மாத்திரை வேண்டியிருந்தது. குரல் இரண்டு மாதம் கம்மிக் கிடந்து பிறகு திரும்பியது. ஆசிரியர் என்கிறீர்கள், விடுப்பைச் சற்று நீளமாகவே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை எழுதியது (பதினோரு வாரங்களுக்குப் பிறகு):

எல்லாருக்கும் நன்றி சொல்ல முன்பே வந்திருக்க வேண்டும். விழிப்பு ஐயா சொன்ன வாக்கியத்தை அப்படியே போய்க் கேட்டேன். மருத்துவர் அறிக்கைக் கட்டைத் திரும்ப ஒருமுறை புரட்டிவிட்டு, குறித்த தேதியை அவரே அடித்துவிட்டார். மெட்டாநெஃப்ரின் இருக்க வேண்டிய உச்ச அளவைப் போல ஐந்து மடங்கு இருந்தது. சி.டி.யில் வலப்பக்க அட்ரினலில் 3.4 செ.மீ. கட்டி. நுரையீரலிலும் கல்லீரலிலும் ஒன்றும் இல்லை. கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் சரியாக இருந்தன.

அதன் பிறகு நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறை உள்ள மருத்துவமனைக்கு மாறினோம். வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் அப்படித் தனித்துறை இருக்கிறது என்பது இந்த அலைச்சலில்தான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு வாரம் பிரசோசின் கொடுத்து, நுண்துளை முறையில் வலது அட்ரினலை எடுத்தார்கள். அரங்கில் ஒருமுறை இரத்த அழுத்தம் 210 வரை போய் இறங்கியது என்று மயக்க மருத்துவர் வெளியே வந்து சொன்னார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதற்கு ஐந்து வாரம் கழித்துத் தைராய்டும் நெறிக்கட்டிகளும் எடுக்கப்பட்டன. 27 நெறிக்கட்டிகளில் நான்கில் நோய் இருந்தது. அக்கா நலமாக இருக்கிறார். குரல் சற்று மெலிந்திருக்கிறது.

மரபணு அறிக்கையில் ஆர்.இ.டி. 634ஆம் இடத்தில் மாற்றம் என்று வந்திருக்கிறது. எனக்கு அது இல்லை. அக்கா மகனுக்கும் இல்லை. மகளுக்கு இருக்கிறது. அவளுக்குக் கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை; கால்சிடோனின் 14. அவளுக்கும் தைராய்டை எடுக்க வேண்டும் என்கிறார்கள். பத்தாம் வகுப்பு போகவிருக்கும் பிள்ளை. தேர்வு முடியும் வரை தள்ளலாமா? துபாயில் இருக்கும் எங்கள் அண்ணன் இன்னும் பரிசோதிக்கவில்லை. தனக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார்.

நுண்ணோக்கி எழுதியது:

தம்பி, விழிப்பின் கண்ணில் பட்டது என் கண்ணில் படவில்லை. அட்ரினலைப் பற்றி நான் எழுதாமல் விட்டது பிழை. முப்பது ஆண்டு தகட்டையே பார்த்தவனுக்கு ஆளைப் பார்க்கும் பழக்கம் குறைந்துவிடுகிறது.

ஆர்.இ.டி. மாற்றத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1993இல் தெரியவந்தது. அதிலிருந்து இந்த நோயின் கதையே மாறிவிட்டது. கட்டி வருவதற்கு முன்பே, யாருக்கு வரும் என்று சொல்ல முடிகிறது. மரபணுவில் மாற்றம் எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து அவசரத்தின் அளவும் மாறும். 918ஆம் இடம் என்றால் மிகக் கடுமையானது. குழந்தையின் முதல் வயதிலேயே தைராய்டை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். 634 அதற்கு அடுத்த படி. ஐந்து வயதிலோ அதற்கு முன்போ எடுப்பது வழிகாட்டல். வேறு சில இடங்களில் மாற்றம் இருந்தால் கால்சிடோனினை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம்.

உங்கள் மருமகளுக்கு 14 வயது. வழிகாட்டலின் கணக்குப்படி ஒன்பது ஆண்டு தாமதம். ஆனால் கால்சிடோனின் 14 என்பது நல்ல செய்தி. நாற்பதுக்குக் கீழ் இருந்து, ஸ்கேனிலும் நெறிக்கட்டி தெரியவில்லை என்றால், பெரும்பாலும் தைராய்டை மட்டும் எடுத்தால் போதும், நெறிக்கட்டிகளைத் தொட வேண்டியதில்லை. பாராதைராய்டுக்கும் குரல் நரம்புக்கும் ஆபத்து அந்த அளவுக்குக் குறையும். தேர்வுக்காக ஓராண்டு தள்ளுவதை நான் ஏற்க மாட்டேன். காலாண்டு விடுமுறையில் செய்துகொண்டு இரண்டு மூன்று வாரத்தில் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. சிறார் கழுத்தில் அடிக்கடி அறுவை செய்து பழகிய கையாகப் பார்த்துக் கொடுங்கள். அவளுக்கும் முதலில் மெட்டாநெஃப்ரின். பிற்காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பார்த்துவர வேண்டும், அக்காவின் இடது அட்ரினலுக்கும் அப்படியே. 634 உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் அட்ரினல் கட்டி வருகிறது, பலருக்கு இரு பக்கமும். அவள் பெரியவளாகிக் கருவுற நேர்ந்தால் அதற்கு முன்பும் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு செய்தி, மறந்துபோகக் கூடியது. எடைக்கும் நீரிழிவுக்கும் இப்போது பரவலாகப் போடப்படும் செமாகுளுடைடு, லிராகுளுடைடு வகை ஊசிகள், தமக்கோ குடும்பத்திலோ மெடுல்லரி புற்றுநோய் இருப்பவர்களுக்குக் கூடாது என்று எச்சரிக்கை இருக்கிறது. அக்காவும் மருமகளும் தங்கள் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வைக்கட்டும்.

அக்காவுக்கு மூன்று மாதத்தில் கால்சிடோனினும் சி.இ.ஏ.யும் பார்ப்பார்கள். நான்கு நெறிக்கட்டிகளில் நோய் இருந்ததால், எண் சுழியத்துக்கு இறங்காமல் போகக்கூடும். அதற்கு இப்போதே மனத்தை ஆயத்தப்படுத்துங்கள். நொய்யல் அம்மா சொன்ன இரட்டிப்புக் காலம்தான் அளவுகோல். ஆறு மாதத்துக்குள் இரட்டித்தால் கவலைப்பட வேண்டும்; இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது என்றால் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பரவிய நோய் வேகமாக வளர்ந்தால் மட்டுமே மாத்திரைகள். 2011இல் வாண்டெட்டானிபும் 2012இல் கபோசாண்டினிபும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இரண்டும் வேலை செய்பவை, ஆனால் வயிற்றுப்போக்கு, தோல் தொல்லை, இதயத் துடிப்பில் மாற்றம் எனப் பக்கவிளைவுகள் மிகுந்தவை. 2020இல் வந்த செல்பெர்காடினிப் ஆர்.இ.டி.யை முதன்மையாகக் குறிவைப்பது. அதைப் பழைய இரண்டு மருந்துகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் புதிய மருந்தில் நூற்றுக்கு 87 பேர், பழையவற்றில் 66 பேர். விலை மிக அதிகம். இன்றைக்கு உங்கள் அக்காவுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. எவராவது அவசரப்படுத்தினால் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

அண்ணனுக்கு வருவோம். ஒரு குறையும் இல்லை என்பது இந்த நோயில் சான்றாகாது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ அது ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒன்று வாய்ப்பு உண்டு. உங்களுக்கு இல்லை என்பதால் அவருக்குக் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அப்பாவோடு பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் தெரிவியுங்கள். 634 உள்ள சில குடும்பங்களில் ஓர் அடையாளம் உண்டு: முதுகின் மேற்பகுதியில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் தீராத அரிப்பு, சொறிந்து சொறிந்து அந்த இடம் கறுத்துத் தடித்திருக்கும். அந்த இடத்துத் தோலில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கும். தோல் மருத்துவர்கள் களிம்பு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வீட்டில் எவருக்காவது அப்படி இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

ஐயா, உங்கள் கடைசிப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு வந்து திண்ணைத் தூணில் முதுகைத் தேய்த்துக்கொள்வாராம். அந்த இடம் மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு நிற்காது என்று பாட்டி சத்தம் போடுவாராம். அக்காவுக்கு இடப்பக்கம் அப்படி ஒரு திட்டு இருக்கிறது. சிறு வயதிலிருந்தே இருப்பதால் அவர் அதை எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை.

அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, மரபணு என்றெல்லாம் பேசாமல், முதுகில் அரிப்பு உண்டா என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் கழித்து, “உனக்கு யார் சொன்னது?” என்றார். அடுத்த மாதம் விடுமுறையில் வருவதாக இருந்தவர், பயணச்சீட்டை முன்தள்ளி வெள்ளிக்கிழமை வருகிறார். இரத்தம் கொடுக்க அக்காவின் மருத்துவமனையிலேயே திங்கட்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். மெட்டாநெஃப்ரினையும் அன்றே, படுக்க வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு மூன்று பிள்ளைகள். மருமகளின் அறுவைக்குக் காலாண்டு விடுமுறையின் முதல் நாளைக் கொடுத்திருக்கிறார்கள்.